யாருக்குன்னு சொல்லு

— மூடு. முதல்ல அந்த டிபன் கேரியரை மூடு. யாராவது உள்ள வந்து பாத்து வைக்கப் போறாங்க.

— பாத்தா பாக்கட்டும்க்கா. பாக்கக் கூடாத நீங்களே பாத்தாச்சு. இனி யாரு பாத்தா என்ன?

— பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கேட்ல செக் பண்ற பொண்ணு இன்னிக்கு லீவு, சரி, சூப்பர்வைசர்தானே, நாமே நிப்போம்னு நின்னேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். சாப்பிட்டு முடிச்ச கேரியரை எல்லாரும் கைல ஆட்டிக்கிட்டுப் போறாங்க. நீ மட்டும் ஏண்டி பச்சப் புள்ளைய அணைக்கற மாதிரி மாரோட அணைச்சுக்கிட்டு வந்தே?

— எத்தன தடவ எடுத்தும் இந்தக் கை பழகவே மாட்டேங்குதுக்கா. திருடத் தெரிஞ்சவளா இருந்தா நானும் ஆட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?

— எத்தன தடவ எடுத்துமா? அப்ப இது முதல் தடவ இல்லியா?

— வாய் தவறி வந்துடுச்சு. வந்தது பொய் இல்ல.

— அடிப்பாவி! இந்தா பாரு, கடைசி டேபிளு, உன்னை நான் எப்படி நெனச்சு வெச்சிருந்தேன் தெரியுமா? இந்தக் கம்பெனில குனிஞ்ச தலை நிமிராம வேலை பாக்கறவ அந்தக் கடைசி டேபிள்காரி ஒருத்திதான்னு மேனேஜர்கிட்டயே சொல்லியிருக்கேன். இப்ப மேல்தட்டுல சோத்துப் பருக்கை, அடித்தட்டுல நாப்கின். அதுவும் எவ்வளவு அழகா அடுக்கியிருக்கே! பேக்கிங் டேபிள்ல கூட இவ்வளவு ஒழுங்கா அடுக்க மாட்டே.

— எல்லாம் ரிஜெக்ட்தான்க்கா. நல்ல பீஸ் ஒண்ணு கூடக் கெடையாது. பாருங்க, இதுல சீல் கோணை. இதுல பசை சரியா ஒட்டலை. எரிக்கப் போற மூட்டையிலேருந்துதான் எடுத்தேன்.

— எரிக்கறதா இருந்தாலும் கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான். தூசி பட்டிருக்கும், தரையில விழுந்திருக்கும். வெச்சா புண்ணு வரும். அதனாலதானே எரிக்கறோம்?

— தரையில விழுந்ததைத் தொட மாட்டேன். சீல் கோணையா இருக்கறதை மட்டும்தான் எடுப்பேன். கோணையா இருந்தா என்னக்கா, ரத்தம் என்ன ஸ்கேல் வெச்சு நேராவா வருது?

— சிரிக்க வைக்காதே. எனக்கு இப்ப சிரிப்பு வரக் கூடாது.

— சரிக்கா.

— உக்காரு அந்த பெஞ்சுல. அந்தத் தொப்பியக் கழட்டி ஆணில மாட்டு. மேனேஜர் ரூம்ல உக்காந்திருக்காரு. உன்னை நான் கேட்ல நிறுத்தினதை ஜன்னல் வழியாப் பாத்துட்டாரு. 'என்னம்மா அங்க?'ன்னாரு. 'விசாரிச்சுட்டு வரேன் சார்'னு சொல்லி உன்னை இந்த டிரெஸ் மாத்தற ரூமுக்கு இழுத்துக்கிட்டு வந்தேன். இப்ப நான் போய் ஏதாவது சொல்லணும். என்னன்னு சொல்ல?

— பாத்ததைச் சொல்லுங்க. நீங்க வேற என்னத்த சொல்லுவீங்க? நாங்க உங்களுக்கு ஒரு பேரு வெச்சிருக்கோம், தெரியுமாக்கா?

— தராசு.

— ஐயோ, தெரியுமா!

— காது இருக்குடி எனக்கு. மெஷின் சத்தத்துலயும் நல்லாவே கேக்கும். ஆமா, தராசுதான். இத்தன வருஷத்துல ஒரு பிடி பஞ்சு என்கூட வீட்டுக்கு வந்ததில்ல. என் பெரிய பொண்ணுக்குக் கூடக் கடையிலதான் வாங்கிக் குடுத்தேன். இங்க மலை மலையாச் செய்யறோம். அங்க கடைக்காரன் என்னமோ கள்ளச் சாமான் மாதிரி கறுப்புக் கவர்ல சுத்திக் குடுக்கறான், நானும் தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டு வரேன்.

— உங்களப் பத்தித் தெரியும்க்கா.

— தெரிஞ்சுமா இந்தக் காரியம் பண்ணினே? வித்தியா?

— என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க!

— நான் கேக்கலைன்னா அவரு கேப்பாரு. வெளியில குடுத்துக் காசு பாக்கறான்னுதான் முதல்ல நெனப்பாரு. முன்னாடி சீல் மெஷின்ல ஒருத்தி இருந்தாளே, அவ கதை என்னாச்சு? போலீஸ் வரைக்கும் போச்சு. உன் புருஷன் இடுப்பு உடைஞ்சு உக்காந்திருக்கான். நீயும் வீட்ல உக்காந்தா அடுப்பு எரியுமா? யாருக்குன்னு சொல்லு. சொந்த உபயோகம்னா கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டு விட்டுடுவாரு. உனக்கா?

— எனக்கு நின்னு போயி எவ்வளவோ நாளாச்சு.

— அப்ப உன் பொண்ணுக்கு. ஒரு பொண்ணு படிக்குதுன்னு சொல்லுவியே.

— படிச்சா.

— இப்ப?

— டவுன்ல ஒரு வீட்ல குழந்தையப் பாத்துக்கறா.

— ஏன்? நல்லாப் படிக்கும்னுதானே சொன்னே?

— கணக்குல புலிக்கா அவ. அந்தக் கணக்கு கிளாஸே வினையாப் போச்சு. அன்னிக்குத் துணி நனைஞ்சிடுச்சு. மத்தியானமே மாத்தியிருக்கணும். எங்க போய் மாத்துவா? ஸ்கூல் பாத்ரூம்ல கதவு இருக்கும், தாழ்ப்பா இருக்காது. குழாய் இருக்கும், தண்ணி இருக்காது. ஆடாம அசையாம உக்காந்துட்டா. சாரு போர்டுல வந்து கணக்கைப் போடுன்னு கூப்பிட்டாரு. மத்த நாளா இருந்தா கூப்பிடறதுக்கு முன்னாடி ஓடுவா. அன்னிக்கு எழுந்திரிக்கவே இல்ல. அவரு திமிருன்னு நெனச்சுட்டாரு.

— அடப் பாவமே.

— அதட்டினாரு. எழுந்து போனா. போர்டுல எழுதணும்னா முதுகைக் காட்டித்தானே நிக்கணும்? பின்னாடி ஒவ்வொருத்தனா சிரிக்க ஆரம்பிச்சிருக்கான். இவ திரும்பலையாம்க்கா. கடைசி வரி வரைக்கும் போட்டு முடிச்சுட்டு, சாக்பீஸை வெச்சுட்டு, பையக் கூட எடுக்காம நேரா வீட்டுக்கு நடந்து வந்துட்டா. விடை சரிதானாம்.

— மறுநாள் ஸ்கூலுக்குப் போனாளா?

— அப்புறம் போகவே இல்ல. கெஞ்சினேன். அடிச்சும் பாத்தேன், அந்தக் கை இன்னும் எரியுது. ம்ஹூம், வாசப்படி தாண்ட மாட்டேன்னுட்டா. இப்ப அந்த டவுன் வீட்ல அவ வயசுலயே ஒரு பொண்ணு இருக்காம். தெனமும் காலைல அதோட யூனிபார்மை எம் பொண்ணுதான் அயர்ன் பண்ணிக் குடுக்கறாளாம். 'மடிப்பு நல்லா நிக்கணும்மா, இல்லைன்னா அந்தப் பொண்ணு கோச்சுக்கும்'னு போன்ல சிரிச்சுக்கிட்டே சொல்றா. நானும் சிரிச்சுட்டு போனை வெச்சுட்டேன். வெச்சப்புறம்தான் அழுதேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி.

— என்னத்த சொல்ல? நாப்கின் கம்பெனில நாள் பூரா அடுக்கறவளோட பொண்ணு, மாத்த ஒண்ணு இல்லாம படிப்பை விட்டான்னு சொல்லவா? கேக்கறவங்க எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாங்கன்னு கூடத் தெரியாது.

— சரி, விடு. எல்லாப் பொண்ணும் எங்க படிச்சு முடிக்குது? என் பெரியவளே ஒன்பதாவதோட நின்னா.

— அவளா நின்னாளா, நிறுத்தினீங்களாக்கா?

— என் மாமியார் பிடிச்ச பிடி. இவரு வழக்கம் போலத் தலையாட்டினாரு. நல்ல இடமும் வந்துச்சு, குடுத்துட்டோம். இப்பக் கைல ஒரு புள்ள, வயித்துல ஒண்ணு. வீட்டுக்கு வீடு வாசப்படி. அதை எதுக்கு இப்பக் கெளர்றே? உன் கதையச் சொல்லு.

— யம்மோவ்! யாரு இன்னும் உள்ள? வண்டி கெளம்பணும். ஒரு ஆளுக்காக இத்தன பேர் உள்ள உக்காந்து வேர்த்து ஊத்துது!

— டிரைவரண்ணே, நீங்க எடுங்க. கடைசி டேபிள் இன்னிக்கு என்கூட வருவா.

— என்ன சூப்பர்வைசரம்மா, விசாரணையா? தீர்ப்பைச் சொல்லிட்டுக் கைதிய ஏத்தி விட்டீங்கன்னா நானே ஜெயில்ல எறக்கி விட்டுடுவேன்.

— அண்ணே, வண்டிய எடுங்கன்னேன்!

— எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன். தராசுகிட்ட வாயக் குடுப்பேனா நான்!

— ஊரு பூரா அந்தப் பேரு பரவியிருக்கா? சரி, போயிட்டான். இப்பச் சொல்லு. உனக்கு நின்னு போச்சு. பொண்ணு டவுன்ல. அப்ப இது யாருக்கு?

— ஸ்கூல் புள்ளைங்களுக்குக்கா.

— எந்த ஸ்கூல் புள்ளைங்க?

— எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, ஹைஸ்கூலு. காம்பவுண்டு ஒரு இடத்துல இடிஞ்சு கெடக்கு. அது வழியா வந்தா எங்க கொல்லைப்பக்கம்தான்.

— அட, என் சின்னவ படிக்கற ஸ்கூல்! சுவர் இடிஞ்சிருக்குன்னு அவ சொன்னதே இல்லியே.

— சுத்துவட்டாரப் புள்ளைங்க எல்லாம் அங்கதானேக்கா படிக்குது. கொல்லையில ஒரு பாத்ரூம் கட்டியிருக்கேன். உள்ள தாழ்ப்பா போட்டு, ஒரு தொட்டி வெச்சு. எம் பொண்ணு நின்னதுக்கு அப்புறம் கட்டினது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சும்மா கெடக்குதேன்னு ஒரு நாள் ஸ்கூல் புள்ளைங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன், வேணும்னா வந்து போங்கன்னு. காலைல வேலைக்குக் கெளம்பறப்ப தொட்டிய ரொப்பி வெச்சுட்டு வருவேன். ஆணில ஒரு துணிப் பை, அதுல இதுங்க. பக்கத்துல மூடி போட்ட வாளி. சாயங்காலம் போய்ப் பாத்தா பை எளைச்சிருக்கும், வாளி நெறஞ்சிருக்கும். யாரு வராங்க, யாரு போறாங்கன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவ 'சோப்பு தீந்து போச்சு'ன்னு சுவத்துல எழுதி வெச்சிருந்துச்சு. அதிகாரத்தப் பாருங்க!

— ஏன், ஸ்கூலுக்குத்தான் இலவசமா வருதே? நம்ம கம்பெனியிலேருந்தே மூட்டை மூட்டையாப் போயிருக்கே?

— வருதுக்கா. ஆபீஸ் ரூம் பீரோல பூட்டி வெச்சிருக்காங்க. புள்ளைங்க வீணாக்கிடுமாம். சாவி விளையாட்டு சாருகிட்ட. அவருகிட்டதான் எல்லாச் சாவியும். பந்து வெச்சிருக்கற பீரோ, மணி அடிக்கற கட்டை, எல்லாம். அவரு நல்ல மனுஷன்தான், கேட்டாக் குடுப்பாரு. ஆனா ஒரு பொண்ணு பசங்க வரிசையில நின்னு, 'சார், எனக்கு இப்ப வேணும், பீரோவத் தொறங்க'ன்னு கேக்குமா? நீங்க கேப்பீங்களா?

— கடைக்காரன்கிட்ட கேக்கறப்பவே எனக்கு நாக்கு மேல ஒட்டிக்குது.

— அப்புறம்? ஒருத்தியும் கேக்கலை. தேவையே இல்ல போலன்னு அவங்களும் நெனச்சுட்டாங்க. சாமான் உள்ள பத்திரமா இருக்கு.

— இந்தா பாரு. நல்ல காரியம் பண்ணலைன்னு நான் சொல்லலை. ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு அம்மா இருக்கால்ல? வீட்ல சொல்லி வாங்கிக்கட்டும். ஊருப் புள்ளைங்களுக்காக நீ எதுக்குத் திருடணும்? உன் வேலை போனா அந்தப் புள்ளைங்களா வந்து சோறு போடும்?

— மத்ததுங்க துணிய மணிய வெச்சு எப்படியாவது சமாளிச்சுக்கும்க்கா. போதும், நிறுத்திக்கலாம்னு நானே ரெண்டு மூணு தடவ நெனச்சேன். ஒருத்திக்காகத்தான் நிறுத்த முடியலை.

— யாரு அவ?

— அதை மட்டும் கேக்காதீங்க.

— ஏன்?

— அவ வயசுக்கு வந்ததே அவ வீட்ல தெரியாது.

— என்னது?

— ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும்.

— உளறாதே. பெத்தவளுக்குத் தெரியாம இதை மறைக்க முடியுமா? ஒரே கூரைக்கு அடியில?

— முடியுதேக்கா. துணி வெச்சா துவைக்கணும். துவைச்சா காயப் போடணும். கொடியில தொங்கினா தெரிஞ்சு போயிடும். அதனாலதான் அவளுக்கு இதுதான் வேணும். வீட்ல இருக்கறப்ப மாத்தினதை வீசக் கூட முடியாது. சுத்திக் கட்டி, ஸ்கூல் பைல புஸ்தகத்துக்கு அடியில வெச்சு, மறுநாள் எங்க வீட்டு வாளிக்குக் கொண்டு வருது.

— பாடப் புஸ்தகத்தோடயா!

— லீவு நாள்ல வந்துச்சுன்னா மூச்சு முட்டிடுமாம். வயித்து வலின்னு சுருண்டு படுக்க முடியாது. அன்னிக்குத்தான் வீட்ல எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்வாளாம், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு. 'இன்னிக்கு எம் பொண்ணுக்கு என்ன இவ்வளவு சுறுசுறுப்பு?'ன்னு அவ அம்மா மெச்சிக்குவாங்களாம்.

— எதுக்குடி இந்தப் பாடு? அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா?

— தெரிஞ்ச அன்னிக்கே படிப்பு முடிஞ்சுதுக்கா. அவங்க வீட்டு வழக்கம் அப்படி. வயசுக்கு வந்தா வெளிய அனுப்ப மாட்டாங்க. அப்புறம் எவனாவது வந்து கேட்டாப் புடிச்சுக் குடுத்துடுவாங்க. இதுக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்கணும்னு ஆசை. ஒவ்வொரு பரீட்சையா எண்ணிக்கிட்டு இருக்கா, இது வரைக்கும் தெரியாம இருந்தாப் போதும், இது வரைக்கும் தெரியாம இருந்தாப் போதும்னு.

— அவ அம்மா என்ன ஜென்மம்? மொகத்தைப் பாத்தாத் தெரியாதா? ஒரு வருஷம் கண்ணை எங்க வெச்சிருந்தா? பெத்துப் போட்டா ஆச்சா?

— அப்படிச் சொல்லாதீங்கக்கா. ரொம்ப நல்ல பொம்பளை. காலைல விடியறதுக்குள்ள சமைச்சு வெச்சுட்டு வேலைக்கு ஓடறவ. சாயங்காலம் வந்தா மறுபடி அடுப்படி. புள்ளை மொகத்தை நிதானமாப் பாக்க அவளுக்கு எங்க நேரம்?

— நல்ல பொம்பளைன்னா புள்ள எதுக்குப் பயப்படுது?

— அம்மாவைப் பாத்துப் பயப்படலை. அம்மாவால ஒண்ணும் முடியாதுன்னுதான் பயப்படுது. 'அம்மாகிட்ட சொன்னா அம்மா அழுவாங்க. எனக்காகப் பேச மாட்டாங்க'ன்னு சொல்லுச்சு.

— …அப்படியா சொல்லுச்சு?

— அதே வார்த்தை. கம்பெனிக்கு வார லீவுன்னு அன்னிக்கு நான் வீட்ல இருந்தேன். பாத்ரூம்ல யாரோ விசும்பற சத்தம். தட்டினா தொறக்கலை. கதவோரமா தரையில உக்காந்துக்கிட்டு, யாரும்மா, என்னம்மான்னு கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே எல்லாத்தையும் சொல்லி முடிச்சுச்சு. அப்புறம்தான் தாழ்ப்பாளைத் தொறந்துச்சு. பாத்தா எனக்குத் தெரிஞ்ச மொகம்.

— அப்ப அவ அம்மாவையும் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் சொல்லாம இருக்கே!

— என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சுக்கா, சொல்லிடாதீங்கன்னு. எம் பொண்ணு நின்னப்ப நான் ஒண்ணும் பண்ண முடியலை. இதுக்காவது பண்ணணும்னு இருந்தேன். இப்ப நீங்க போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க. வித்தான்னு நெனச்சாலும் நெனச்சுக்கட்டும். அந்தப் புள்ள பேரு என் வாயிலேருந்து வராது.

— இந்தா பாரு, நான் சொல்றதைக் கேளு. மேனேஜர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். எடுத்தான்னு சொல்லுவேன். ஏன் எடுத்தான்னும் சொல்லுவேன். சீல் மட்டும் கோணையா இருக்கறதைத் தனியாப் பிரிச்சு அந்த ஸ்கூல் புள்ளைங்களுக்கே குடுத்துடுங்க, எரிச்சு என்ன பண்ணப் போறோம்னு கேக்கவும் கேப்பேன். உன்னை வெளிய அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்கன்னு சொல்லுவேன்.

— உங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?

— வாய மூடு. அது என் பாடு. ஆனா அந்தப் புள்ள விஷயம் நாப்கின் குடுத்தா மட்டும் தீராது. இன்னும் எத்தன நாளைக்கு ஒளிக்கும்? ஒரு நாள் பையத் தொறந்து யாராவது பாப்பாங்க. அன்னிக்கு அந்த வீட்ல அதுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்.

— வேணும்தான். நானும் அதையேதான் ராத்திரி பகலா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

— நான் பேசறேன்.

— நீங்களா?

— ஏன், எனக்கு வாய் இல்லியா? ஒரு ஷிப்ட் பொம்பளைங்களை மேய்க்கறேன், ஒரு வீட்ல போய்ப் பேச மாட்டேனா?

— அந்த வீட்ல அம்மா பேச்சு எடுபடாதுக்கா. மாமியார் வெச்சதுதான் சட்டம்.

— மாமியாராவது மண்ணாங்கட்டியாவது! பத்து மாசம் சுமந்தது இவளா, மாமியாரா? சம்பாதிச்சுக் கொண்டு வந்து கொட்டறது யாரு? நேருக்கு நேரா நின்னு கேக்கறேன்.

— வீட்டுக்காரரு?

— அவன் கெடக்கான், தலையாட்டி பொம்மை. அவன் வாயத் தொறந்தா, உன் பொண்ணு போர்டுல கணக்குப் போட்ட கதையச் சொல்றேன். அதைக் கேட்டும் ஒருத்தன் பொண்ணை நிறுத்தறேன்னு சொன்னா அவன் மனுஷனே இல்ல.

— இப்ப இப்படிச் சொல்லிட்டு, அங்க போய் நின்னப்புறம் மாறிட மாட்டீங்களே?

— தராசுன்னு பேரு வெச்சீங்களே, சும்மாவா வெச்சீங்க?

— சத்தியம் பண்ணுங்கக்கா.

— என் ரெண்டு பொண்ணுங்க மேல சத்தியம். அந்தப் புள்ளைய யாரும் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்த நான் விட மாட்டேன். போதுமா? ஏண்டி அழறே? அழுகைய நிறுத்து. கண்ணைத் தொடச்சுக்க. எந்த வீட்டு மாமியார்னு சொல்லு, இன்னிக்கே போறேன்.

— உங்க மாமியார்க்கா.